கேள்வியில் இல்லாத கிணறு: சுற்றாடல் பற்றிய கூற்று–நடவடிக்கை வினாக்கள்

போட்டிப் பரீட்சைக்கான நுண்ணறிவுப் பயிற்சித் தாள்களைத் திருத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒரு விஷயம் உண்டு. எண் தொடர், திசை, உறவுமுறை எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பிள்ளைகள்கூடக் கூற்று–நடவடிக்கை வினாவில், அதிலும் சுற்றாடல் பற்றிய கூற்றில், வரிசையாகப் பிழை விடுவார்கள். இதற்கு அறிவுக் குறைவு காரணம் என்று சொல்ல முடியாது. அறிவு கூடிப்போவதால் வருகிற பிழை இது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிணறு, உரம், உவர்நீர், குப்பைமேடு, மணல் டிப்பர் எல்லாம் வீட்டுப் பேச்சு. 'கிணற்று நீர் மாசடைந்துள்ளது' என்று தாளில் கண்டவுடனே தன் ஊர்க் கிணறு கண்முன் வந்து நிற்கும். பிறகு அவர் விடை எழுதுவது அந்தக் கிணற்றுக்குத்தான்.

வினாவின் வடிவம் தெரிந்ததுதான். மேலே ஒரு கூற்று. கீழே I, II என்று இரண்டு நடவடிக்கைகள், சிலவேளை மூன்று. கூற்றில் சொன்னது முழுக்க உண்மை என்று எடுத்துக்கொண்டு, எந்த நடவடிக்கை பொருந்தும் என்று தெரிவு செய்ய வேண்டும். I மட்டும், II மட்டும், I அல்லது II, இரண்டும் இல்லை, இரண்டும் என ஐந்து விடைகள். இந்திய வங்கித் தேர்வுகளில் நெடுநாளாகப் புழங்கும் வடிவம் இது. எங்கள் பிள்ளைகளின் கைக்குப் பெரும்பாலும் சென்னைப் பயிற்சிப் புத்தகங்கள் வழியாக வருகிறது. 'நீர் பிரதேச செயலாளராயின் என்ன நடவடிக்கை எடுப்பீர்?' என்று எழுத்து வினாவாகக் கேட்டாலும் யோசிக்கும் முறை ஒன்றே.

'பொருந்தும்' என்பதற்குப் பலர் தவறான பொருள் கொள்கிறார்கள். ஆகச் சிறந்த நடவடிக்கை எது என்று கேட்கவில்லை. பிரச்சினையை முழுதாகத் தீர்க்குமா என்றும் கேட்கவில்லை. இந்தக் கூற்றை மட்டும் வாசித்த ஒரு நிதானமான அதிகாரி இதைச் செய்தால் அதில் நியாயம் இருக்குமா, அவ்வளவுதான் கேள்வி. அந்த நியாயத்தைச் சோதிக்க நான்கு கேள்விகள் போதும். கூற்றில் சொன்ன பிரச்சினையையோ அதன் விளைவையோ இது தொடுகிறதா? தொட்டால் வேலை செய்யுமா? வேலை செய்தாலும் அதைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவருமா? நடைமுறையில் ஒருவரால் செய்யக்கூடியதா? முதல் 'இல்லை' வந்த இடத்திலேயே அந்த நடவடிக்கையை வெட்டிவிடலாம். மூன்றாவது கேள்விக்கு மட்டும் 'ஆம்' வந்தால் வெட்ட வேண்டும். அவசரத்தில் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சிக்கென்று ஆக்கிய ஒரு வினாவை எடுத்து ஆறுதலாகப் பார்ப்போம்.

கூற்று: ஒரு பிரதேச செயலாளர் பிரிவில் பரிசோதிக்கப்பட்ட 40 குடிநீர்க் கிணறுகளில் 27இல் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளது.
I. அந்த 27 கிணறுகளின் நீரைக் குடிக்க வேண்டாம் என அறிவித்து, பவுசர் மூலம் குடிநீர் வழங்க வேண்டும்.
II. அப்பிரிவில் இரசாயன உர விற்பனையை உடனடியாகத் தடைசெய்ய வேண்டும்.

லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேல் போனால் முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கும். ஆகவே I பொருந்தும். வலிகாமத்துப் பிள்ளைகள் பலர் II இற்கும் சரி போட்டு, 'இரண்டும்' என்று விடை எழுதுவார்கள். வெங்காயத் தோட்டமும் யூரியா மூட்டையும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கூற்றில் உரம் என்ற சொல்லே இல்லை. நைத்திரேற்று மலசலகூடக் குழியிலிருந்தும் வரும், மாட்டுத் தொழுவத்திலிருந்தும் வரும். காரணம் சொல்லப்படாத இடத்தில் காரணத்தைத் தாக்கும் நடவடிக்கை பொருந்தாது. விடை: I மட்டும்.

இப்போது கூற்றின் கடைசியில் 'அளவுக்கு மிஞ்சிய உரப் பாவனையே இதற்குக் காரணம் என ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று ஒரு வசனம் சேர்ப்போம். II தேறுமா? அப்போதும் தேறாது. பழுது 'அளவுக்கு மிஞ்சிய' என்ற இடத்தில் இருக்க, தடை முழுப் பாவனையிலும் விழுகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு இலங்கை முழுவதும் தடை வந்ததும், விளைச்சல் விழுந்து அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க நேர்ந்ததும் நினைவிருக்கும். மூன்றாவது கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. அதே II, 'மண் பரிசோதனைப்படி பரிந்துரைத்த அளவுக்கு மேல் உரமிடாதிருக்க விவசாயப் போதனாசிரியர்கள் ஊடாக வழிகாட்ட வேண்டும்' என்று வந்தால் சரி போடலாம்.

இன்னொரு மாற்றம். II இன் இடத்தில் 'நீரைக் கொதிக்கவைத்து ஆறிய பின் குடிக்குமாறு அறிவுறுத்த வேண்டும்' என்று இருந்தால்? பத்துப் பேரில் எட்டுப் பேர் சரி போடும் இடம் இது. கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகிறது. நைத்திரேற்று பானைக்குள்ளேயே நிற்கும், செறிவு முன்பைவிடக் கூடும். இரண்டாவது கேள்வியிலேயே வெட்டுப்படுகிறது. கூற்றில் நைத்திரேற்றுக்குப் பதில் மலக் கிருமிகள் என்று இருந்தால் அதே அறிவுறுத்தல் முழுச் சரி. கிணற்றுக்குக் குளோரின் இடுவதும் சரி.

உரத் தடையில் வெளியறிவைக் கொண்டுவராதே என்கிறோம், கொதிக்கவைப்பதில் கொண்டுவரச் சொல்கிறோம். முரண்பாடு மாதிரித் தெரியும். வித்தியாசம் இதுதான்: எங்கும் எப்போதும் உண்மையான விதியை உள்ளே எடுக்கலாம், எங்கோ ஒருதடவை நடந்த சம்பவத்தை எடுக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது என்பது விதி. எங்கள் ஊர்க் கிணறு உரத்தால் பழுதானது என்பது சம்பவம். ஒரு முழுத் தடையின் பின்விளைவு எப்படி இருக்கும் என்று மதிப்பிட 2021ஐ நினைக்கலாம்; கூற்றில் இல்லாத காரணத்தை இட்டுநிரப்ப எந்த ஆண்டையும் நினைக்கக்கூடாது.

கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது பற்றிய கூற்றில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கூற்று: ஒரு நகரை அண்டிய கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாக மக்கள் முறையிட்டுள்ளனர்.
I. நீர் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, எண்ணெய் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிய வேண்டும்.
II. அருகிலுள்ள மின் நிலையத்தை மூட வேண்டும்.

சுன்னாகம் என்ற பெயர் கூற்றில் இல்லை. ஆனாலும் வாசிக்கிற எல்லோருக்கும் சுன்னாகம்தான் கேட்கும்: மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததென்று வழக்குப் போன யாழ்ப்பாணத்து ஊர் அது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 20 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது உண்மை. ஆனால் அது ஆய்வும் விசாரணையும் நடந்து முடிந்தபின் வந்த முடிவு. நம் கூற்றில் இருப்பது முறைப்பாடு மட்டும். மின் நிலையம் நடவடிக்கை II இல்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. கூற்றில் இல்லாத ஒருவரை நடவடிக்கை குற்றவாளியாக்கினால், அது பொறி என்று எடுத்துக்கொள்ளலாம். விடை: I மட்டும்.

இதைப் படித்துவிட்டு 'ஆய்வு என்றால் எப்போதும் சரி' என்று மனப்பாடம் செய்கிறவர்களும் உண்டு. காரணம் தெரியாத இடத்தில் ஆய்வு பொருந்தும். காரணமும் தெரிந்து ஆபத்தும் கண்முன்னே நடக்கும்போது, 'குழு அமைத்து 6 மாதத்தில் அறிக்கை பெற வேண்டும்' என்பது தட்டிக்கழிப்பு. ஒரு தொட்டி உடைந்து அமிலம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற கூற்றுக்குக் குழு எதற்கு?

எங்கள் நிலத்தடி நீரின் இயல்பு தெரிந்தவருக்குக் கை கொடுக்கும் வினாவும் உண்டு. கரையோரக் கிராமம் ஒன்றில் சுண்ணக்கற் படையில் உள்ள கிணறுகளில் கோடையில் அதிகம் இறைப்பதால் நீர் உவராகி வருகிறது என்பது கூற்று. I. கிணறுகளை மேலும் ஆழமாக்க வேண்டும். II. இறைக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தி, மழைநீரைக் குளங்களில் தேக்கி நிலத்தில் ஊறவிட வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினை என்றால் ஆழமாக்குவது இயல்பான யோசனைதான். ஆனால் இந்த நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறங்கினாலும் கீழே உவர் பல மடங்கு ஏறிவரும். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதும் இதே கதைதான். ஆகவே I நோயைக் கூட்டும். II மட்டும் பொருந்தும். 'கரையோரம்', 'சுண்ணக்கல்', 'உவர்' என்ற மூன்று சொற்களும் கூற்றிலேயே இருப்பதால்தான் இந்த விதியைப் பாவிக்கிறோம். வெறுமனே 'வரட்சியால் கிணறுகள் வற்றியுள்ளன' என்று இருந்தால், ஆழமாக்குவதை வெட்ட எங்களுக்கு உரிமை இல்லை.

'உடனடியாக', 'முற்றாக', 'அனைத்து', 'நிரந்தரமாக', 'மட்டும்' என்ற சொற்கள் வந்தால் வெட்டு என்று பல வகுப்புகளில் சொல்லிக் கொடுப்பார்கள். பாதி உண்மை. நஞ்சு கலந்த குடிநீரை நிறுத்துவதற்கு 'உடனடியாக' சரியான சொல்தானே. சொல்லைப் பார்த்து வெட்டாமல், அந்தச் சொல் பிரச்சினையின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தடையும் அப்படித்தான். 2017 செப்ரெம்பர் 1 முதல் இங்கே சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்தது. அது இல்லாவிட்டால் வாழையிலை இருக்கிறது, சோற்றுப் பெட்டி இருக்கிறது, ஒருவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. உரத்துக்கு ஒரே நாளில் மாற்று இல்லை. தடைசெய்யும் பொருளுக்குக் கைக்கெட்டிய மாற்று உண்டா என்ற ஒரு கேள்வி, தடை சம்பந்தமான வினாக்களில் பெரும்பாலானவற்றை முடித்துவைக்கும்.

மரநடுகைக்குச் சுற்றாடல் வினாக்களில் ஒரு மயக்கும் சக்தி உண்டு. மரம் நடுவது நல்லதுதானே என்று கை தானாகச் சரி போடும். குடிநீர்த் தட்டுப்பாட்டால் மக்கள் தவிக்கிறார்கள் என்ற கூற்றுக்கு, பத்து வருடத்தில் நிழல் தரும் வேம்பு விடையாகாது. வீதி அகலிப்பில் மரங்கள் தறிக்கப்படுகின்றன என்ற கூற்றுக்கு அது பொருந்தும். விழிப்புணர்வும் இதே இனம். நுளம்பு பெருகும் பாத்திரங்களை வீட்டார் கவனிப்பதில்லை என்றால் விழிப்புணர்வு சரி, ஏனென்றால் பிழை செய்பவர் அறியாமல் செய்கிறார். இரவிலே கழிவு பவுசரைக் கொண்டுவந்து கடனீரேரியில் திறந்துவிடுகிறவருக்குத் தான் என்ன செய்கிறார் என்று நன்றாகவே தெரியும்.

குப்பை வினாக்களில் ஒரு பொறிதான் சொல்லத்தக்கது: 'குப்பைமேட்டை அடுத்த பிரிவுக்கு மாற்ற வேண்டும்'. பிரச்சினை இடம் மாறினால் தீர்ந்ததாகாது. தரம்பிரித்துச் சேகரித்தல், சேதனக் கழிவைப் பசளையாக்கல் போன்றவை வந்தால் பொருந்தும்.

'I அல்லது II' என்ற விடைதான் அதிகம் குழப்புவது. இரண்டும் நல்லதாகத் தெரிந்து, எதை விடுவது என்று தெரியாதபோது போடும் விடையாக அதைப் பலர் பாவிக்கிறார்கள். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: ஒவ்வொரு நடவடிக்கையும் தனியாகவே போதுமாக இருக்க வேண்டும், ஒன்றைச் செய்தால் மற்றதற்கு வேலை இல்லாமல் போக வேண்டும். ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொகுதி பழுதாகி, கழிவு நேரே கடனீரேரியில் சேர்கிறது என்று வையுங்கள். I. பழுது திருத்தும் வரை உற்பத்தியை நிறுத்த வேண்டும். II. பழுது திருத்தும் வரை கழிவுநீரை மூடிய பவுசர்களில் உரிமம் பெற்ற வேறு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். உற்பத்தி நின்றால் அனுப்பக் கழிவு இல்லை. கழிவை அனுப்பினால் உற்பத்தியை நிறுத்தத் தேவையில்லை. இங்கேதான் 'அல்லது'. இப்படி அச்சாக அமையும் வினா அபூர்வம். சில தாள்களில் இந்தத் தெரிவே இருக்காது.

உடனடி நிவாரணமும் நீண்டகால ஏற்பாடும் ஒன்றாக வந்தால் ஒன்றை வெட்ட வேண்டும் என்று நினைப்பதும் பிழை. கன மழையால் தாழ்நிலக் குடியிருப்புகளில் வெள்ளம். வடிகால்கள் தூர்ந்திருப்பதே காரணம். I. மக்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்ற வேண்டும். II. அடுத்த மாரிக்கு முன் வடிகால்களைத் தூர்வார வேண்டும். ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த வருடத்துக்கு. இரண்டும் பொருந்தும்.

இதே வெள்ளம் எழுத்து வினாவாக வந்தால் புள்ளி போவது வேறு இடத்தில். 'அரசாங்கம் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற வசனத்துக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. அது நடவடிக்கை இல்லை, ஆசை. யார், என்ன, எப்போது என்று மூன்றும் வர வேண்டும். முதல் 24 மணித்தியாலத்தில் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பாதிக்கப்பட்டோர் விபரம், இடம்பெயர்ந்தோருக்குப் பாடசாலையில் தங்குமிடம், சமைத்த உணவு, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு அறிவித்தல். வெள்ளம் வடிந்த கிழமையில் கிணறுகளை இறைத்துக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். பிறகு வாய்க்கால். வடகீழ்ப் பருவமழை ஒக்ரோபரில் தொடங்கிவிடும், ஆகவே தூர்வாரல் செப்ரெம்பருக்குள் முடிய வேண்டும் என்று எழுதுகிறவருக்கும் 'விரைவில் தூர்வார வேண்டும்' என்று எழுதுகிறவருக்கும் வித்தியாசம் தாளில் பளிச்சென்று தெரியும். இங்கே வினா இடத்தைச் சொல்லியிருந்தால் 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை ஒரு வரியில் தொட்டுக் காட்டலாம்.

நிறுவனப் பெயர்களிலும் கவனம் வேண்டும். சென்னைப் புத்தகத்தில் படித்துவிட்டு 'மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்', 'மாவட்ட ஆட்சியர்' என்று இங்கே எழுதி வைக்கிறார்கள். எங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, அது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைந்தது. மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர். மணல் அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தோடு சேர்ந்தது. தெரிவு வினாவில் இவை தேவைப்படாது. அங்கே 'அரசு' என்றாலே போதும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. 50 வினாவுக்கு 1 மணித்தியாலம் தரும் தாளில் ஒரு வினாவுக்கு 72 செக்கன் வரும். அதற்குள் கூற்றின் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறி போடப் பழகலாம். பிரச்சினை எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதன் கீழ் ஒரு கோடு. காரணம் சொல்லப்பட்டிருந்தால் 'கா', சொல்லப்படாவிட்டால் 'கா' போட்டு அதன்மேல் ஒரு வெட்டு. உயிராபத்து இருந்தால் ஒரு நட்சத்திரம். வெட்டிய 'கா' இருந்தால் எவரையும் தண்டிக்கும், எதையும் மூடும் நடவடிக்கையில் சந்தேகம் வர வேண்டும். நட்சத்திரம் இருந்தால் குழு, அறிக்கை, கருத்தரங்கு ஆகியவற்றில் சந்தேகம் வர வேண்டும். பழகினால் குறிகளுக்கு 15 செக்கன் போதும். பிறகு ஒவ்வொரு நடவடிக்கையையும் மற்றதைப் பாராமல் தனித்தனியே தீர்ப்பிட்டு, கடைசியில்தான் விடைகளைப் பார்க்க வேண்டும். விடைகளை முதலில் பார்த்தால் 'இரண்டும்' என்பது கண்ணடித்துக் கூப்பிடும்.

புத்தக விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் வெட்டு எந்தக் கேள்வியில் விழுந்தது என்று எழுதி வைத்தால் போதும். பயிற்சிக்குத் தினசரிப் பத்திரிகையே மலிவான புத்தகம். ஒரு சுற்றாடல் செய்தியை இரண்டு வரியாகச் சுருக்கி, கீழே நான்கு நடவடிக்கைகளை நீங்களே எழுதுங்கள்: பொருந்துவன இரண்டு, பொறி இரண்டு. பொறி வைக்கப் பழகியவர் பொறியில் விழுவது குறைவு. அப்படி ஆக்கிய ஒன்று இது:

கூற்று: அனுமதிப்பத்திரமின்றி மணல் அகழப்படுவதால் கரையோர மணற்திட்டிகள் அழிந்து, கடல்நீர் வயல்களுக்குள் வருகிறது.
I. மாவட்டத்தில் மணல் ஏற்றலை முற்றாகத் தடைசெய்ய வேண்டும்.
II. வீதிச் சோதனைகளைக் கூட்டி, அனுமதிப்பத்திரமற்ற வாகனங்களைக் கைப்பற்ற வேண்டும்.
III. அழிந்த திட்டிகளில் அடம்பன்கொடி, இராவணன்மீசை போன்றவற்றை நட்டு மணலைப் பிடித்துவைக்க வேண்டும்.

I, அனுமதியோடு ஏற்றுகிறவரையும் வீடு கட்டுகிறவரையும் சேர்த்து அடிக்கிறது. II நேரே 'அனுமதிப்பத்திரமின்றி' என்ற சொல்லில் கை வைக்கிறது. III நடுகைதான், ஆனாலும் வெட்ட வேண்டாம்: அந்தக் கொடியும் புல்லும் உவர்க் காற்றில் வளர்ந்து, மணலைப் பற்றிப் படர்கிறவை, கூற்றில் அழிந்ததாகச் சொன்னதும் அதே மணற்திட்டிதான். விடை: II உம் III உம்.